வண்டி ஒயரைக் கடிக்கும் எலி: பானெட்டைத் திறக்கும் முன் முற்றத்தைப் பாருங்கள்

கொல்லிமலையில் விளைவது எதுவானாலும் பணமாக வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். செம்மேட்டை ஒட்டிய வாழவந்தி நாட்டில் வெட்டும் மரவள்ளிக் கிழங்கு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் உள்ள சேகோ ஆலைகளுக்குப் போகிறது. மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி எல்லாம் சோளக்காட்டுச் சந்தைக்கோ, கீழ்நாட்டு மண்டிக்கோ போகின்றன. காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு காலத்தில் தலைச்சுமையாக இறங்கிய விளைச்சல் இன்று ஜீப்பிலும், பிக்கப்பிலும், 'குட்டி யானை' என்று எல்லோரும் அழைக்கும் சிறு சரக்கு வண்டியிலும் இறங்குகிறது.

அந்த வண்டி அறுவடை நாளன்று காலையில் கிளம்பவில்லை என்றால் நட்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. வெட்டிய மரவள்ளியை அதிக நாள் வைத்திருக்க முடியாது. இரண்டு மூன்று நாளிலேயே கிழங்கின் உள்ளே நீல நிறக் கீற்று ஓட ஆரம்பித்துவிடும்; மாவுச்சத்துக்குக் கிடைக்கும் விலையும் இறங்கும். இப்படி வண்டி நின்றுபோகும்போது பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் பலர் கண்டுபிடிப்பது, எஞ்சினுக்குப் பக்கத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும் ஒயரைத்தான். எலி கடித்திருக்கும்.

மாற்று ஒயர் போட்டு, எலி மருந்து வாங்கி எஞ்சின் மேல் வைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. சில வாரத்தில் மறுபடியும் கடிக்கிறது. காரணம் எளிது. எலி வண்டியைத் தேடி வரவில்லை. முற்றத்தில் தீனியும் மறைவிடமும் இருப்பதால் வருகிறது. பக்கத்தில் நிற்கும் வண்டியில் ஏறுகிறது. முற்றத்தைச் சரிசெய்யாமல் வண்டியை மட்டும் பார்த்தால் இந்தச் செலவு ஓயாது.

ஏன் ஒயரைக் கடிக்கிறது?

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். அவற்றைத் தேய்க்காமல் விட்டால் வாய் மூட முடியாமல் பட்டினியாகக் கிடந்து சாக வேண்டியதுதான். அதனால் பசியில்லாத நேரத்திலும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். பல்லின் வெளிப்பூச்சில் இரும்புச்சத்து கலந்திருப்பதால்தான் அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, கடினமும் அதிகம். அந்தப் பல்லுக்கு ஒயரின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை மரவள்ளித் தோல் மாதிரி.

சோயா எண்ணெயிலிருந்து செய்த உறையைப் புது வண்டிகளில் போடுவதால்தான் எலி தின்கிறது என்ற பேச்சும் உண்டு. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டில் கார் உரிமையாளர்கள் சிலர் இதையே சொல்லி வழக்கும் போட்டார்கள். ஆனால் சோயா கலக்காத பழைய ஒயர்களையும், தொலைபேசிக் கேபிளையும், வீட்டு மின்கம்பியையும் எலி காலங்காலமாகக் கடித்துத்தான் வந்திருக்கிறது. ஆகவே வண்டியின் தயாரிப்பை மட்டும் குறை சொல்லி நம் வீட்டுச் சூழலை மறந்துவிடக் கூடாது.

அடுத்த காரணம் சூடு. மார்கழி, தை மாதங்களில் மலைமேல் குளிர் கடுமை. மாலையில் வந்து நிற்கும் வண்டியின் எஞ்சின் பல மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். இருட்டும் உண்டு, பூனை நுழைய முடியாத இடுக்கும் உண்டு. குட்டி போட இதைவிட நல்ல இடம் எலிக்கு வேறில்லை. ஒயர் உறையையும், பானெட்டின் உள்பக்கப் பஞ்சையும் பிய்த்துக் கூடு கட்டும். கர்ப்ப காலம் மூன்று வாரம்தான். ஓர் ஈற்றுக்கு 5 முதல் 8 குட்டிகள் வரை போடும். அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்துக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

எந்த எலி, எந்தப் பருவம்?

எல்லா எலியும் வண்டியில் ஏறுவதில்லை. வயல் வரப்பில் வளை தோண்டும் வரப்பெலி பெரும்பாலும் மண்ணோடு வாழ்வது. வீட்டுக் கூரையில் ஓடும் வீட்டெலிதான் ஏறுவதில் கெட்டி. உடம்பைவிட நீண்ட வாலை வைத்துச் சமநிலை பிடித்து, டயர் வழியாகவும் சேஸ் வழியாகவும் எளிதாக மேலே போய்விடும். சுண்டெலியும் வரும். சுண்டு விரல் நுழையாத 6 மில்லிமீட்டர் இடைவெளியே அதற்குப் போதும். அணிலும் பகலில் ஒயரைக் கடிக்கிறது. பெருச்சாளி பருமனானது, பெரும்பாலும் வண்டிக்கு அடியிலும் கழிவுநீர்ப் பக்கமும்தான் திரியும்.

தொல்லை கூடும் பருவம் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளைகளில் தண்ணீர் புகும்போது எலிகள் மேட்டுக்கும் வீட்டுக்கும் வருகின்றன. அடுத்தது, சாமை, தினை, கேழ்வரகு, பள்ளத்து வயல்களின் நெல் ஆகியவற்றை அறுத்து முடித்த சமயம். காட்டில் தீனி தீர்ந்துவிடும். தானியம் எங்கே போனதோ அங்கே எலியும் போகும். அறுவடை முடிந்த வாரத்திலேயே தடுப்பு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒயர் அறுந்த பிறகு தொடங்குவது காலம் கடந்த வேலை.

மலைச்சாலையில் இது உயிர்ப் பிரச்சினை

சமவெளியில் ஒயர் அறுந்தால் வண்டி சாலையோரம் நிற்கும். இறக்கத்தில் அறுந்தால் அப்படியல்ல. இன்றைய கார், பிக்கப், சிறு சரக்கு வண்டிகளில் பிரேக் மிதிக்க உதவும் 'வாக்குவம் பூஸ்டர்' எஞ்சின் ஓடும்போதுதான் வேலை செய்யும். சென்சார் ஒயரோ, எரிபொருள் பம்ப் ஒயரோ அறுந்து எஞ்சின் திடீரென நின்றால், ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பழைய சக்தி மீதி இருக்கும். பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். பாரம் ஏற்றிய வண்டியோடு கொண்டை ஊசி வளைவில் இந்த நிலை வரக்கூடாது.

அப்படி வந்துவிட்டால் பதற்றப்படாமல் செய்ய வேண்டியவை:

• பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே அழுத்தாகப் பலம் கொண்டு மிதிக்க வேண்டும்.
• கியரை நியூட்ரலுக்குத் தள்ளக் கூடாது. கியரில் இருந்தால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். வேகமும் கட்டுப்படும், பூஸ்டருக்கும் கொஞ்சம் சக்தி கிடைக்கும்.
• சாவியை உருவக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.
• கை பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதுவும் இதே ஆபத்துதான். எலி செய்வதை ஓட்டுநரே செய்வது போல.

தீ இன்னொரு ஆபத்து. உறை போன ஒயர் இரும்பில் உரசினால் பொறி பறக்கும். எலி ரப்பர் ஹோஸையும் விடுவதில்லை. டீசல் ஹோஸில் கசிவு இருந்து, புகைபோக்கிக் குழாய் அருகில் காய்ந்த சருகுக் கூடும் இருந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம்.

இரவில் பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் 108 வண்டி வந்து சேரும்வரை பல குக்கிராமங்களுக்கு ஊரில் உள்ள ஜீப்பே துணை. அதனால் ஓடும் நிலையில் ஒரு வண்டி இருப்பது வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, ஊருக்கே தேவை.

காலையில் ஐந்து நிமிடம்

சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் தட்டுங்கள். குட்டி யானையில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால், இருக்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்தவுடன் கையை உள்ளே விடக் கூடாது. எலி போகும் இடத்துக்குப் பாம்பும் போகும். முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை: அரிசி அளவுக் கறுப்புப் புழுக்கை, மூத்திர நாற்றம், பிய்ந்த பஞ்சு, சருகு, நிலக்கடலைத் தோல், பலாக்கொட்டைத் தோல், ஒயரில் செம்பு பளபளப்பது, கீழே டீசலோ பிரேக் ஆயிலோ சொட்டியிருப்பது. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, டேஷ்போர்டில் எஞ்சின், பிரேக் விளக்குகள் அணைகின்றனவா என்று பார்க்க வேண்டும். முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன் மூன்றையும் சோதித்த பிறகே இறங்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். ஒரு மெல்லிய ஒயர் போனாலும் எஞ்சின் இழுவை குறைந்து ஊர்ந்து போகும். எஞ்சின் விளக்கு எரிந்தால் 'பரவாயில்லை' என்று மலையிறங்கக் கூடாது.

கூடு இருந்தால் வெறுங்கையால் அள்ளக் கூடாது. எலி மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் பரவும். கையில் சிறு காயம் இருந்தாலே போதும். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டு, பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றி, கூட்டின் மேல் பிளீச்சிங் கரைசலை லேசாகத் தெளித்து நனைத்த பிறகு எடுக்க வேண்டும். உலர்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். கப்ளர்கள் மேல் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். எடுத்த கூட்டைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். இதற்குப் பிறகு காய்ச்சல், கடுமையான உடல்வலி, கண் சிவப்பு வந்தால், வண்டியில் எலிக்கூடு எடுத்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒயர் அறுந்துவிட்டால்

முறுக்கி டேப் சுற்றுவது சந்தை வரை போக உதவலாம். அதையே நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது. மலைச்சாலைக் குலுக்கலில் அது தளரும், மழையில் பச்சை பிடிக்கும். அறுந்த இடத்தில் அதே கனமுள்ள ஒயரைச் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தோ, கிரிம்ப் அழுத்தியோ, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸோ கம்பியோ வைக்கக் கூடாது. எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று ஃபியூஸ் சொல்கிறது. அதைக் கேட்காவிட்டால் அடுத்தது தீ. பிரேக், ஏ.பி.எஸ்., ஏர்பேக் ஒயர்களைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மட்டுமே விட வேண்டும்.

இன்சூரன்ஸ் உள்ளவர்கள் சரிசெய்யும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, புழுக்கையும் கடிபட்ட ஒயரும் தெரியும்படி படம் எடுத்துவைக்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இதற்குப் பணம் வராது. முழு பாலிசியிலும் எலிக்கடிக்கு இழப்பீடு உண்டா என்பது அதன் நிபந்தனைகளைப் பொறுத்தது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

முற்றத்தில் செய்ய வேண்டியவை

வண்டி நிற்கும் இடம்தான் முதல் மருந்து. பல வீடுகளில் விறகு அடுக்கு, வைக்கோல் போர், தானிய மூட்டை, கோழிக்கூடு, வண்டி எல்லாம் ஒரே கொட்டகையில் இருக்கும். எலிக்கு இது சாப்பாட்டோடு கூடிய தங்கும் விடுதி.

1. வண்டியைச் சுற்றிப் பத்தடியாவது வெட்டவெளியாக இருக்கட்டும். எலி திறந்த வெளியில் ஓட அஞ்சும். ஆந்தைக்கும் பூனைக்கும் அது தெரியும். புல்லைச் செதுக்கி, கொட்டகை மேல் சாயும் கிளைகளை வெட்டிவிட வேண்டும்.

2. விறகைத் தரையோடு அடுக்காமல் ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து அதன்மேல் அடுக்கலாம். அடியில் வெளிச்சம் தெரிந்தால் எலி வளை வைக்காது.

3. சாமை, தினை, கேழ்வரகை மூடி இறுகிய தகர டிரம்மிலோ குதிரிலோ வைக்க வேண்டும். குதிரில் விரிசல் இருந்தால் பூசிவிட வேண்டும். மூட்டையாக வைப்பதென்றால் மூன்றடி உயரப் பரணில் வைத்து, கால்களில் கவிழ்த்த புனல் வடிவில் தகரம் அடிக்கலாம். தென்னையில் எலி ஏறாமலிருக்கத் தகரப் பட்டை அடிக்கிறோம் அல்லவா, அதே உத்திதான். ஜப்பானின் பழங்காலத் தானியக் களஞ்சியங்களிலும் தூண் உச்சியில் எலியைத் திருப்பி அனுப்பும் பலகையை வைத்திருந்தார்கள்.

4. விதைத் தானியத்தைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும். கொல்லிமலையின் பாரம்பரியச் சாமை, தினை ரகங்கள் வீட்டு விதையாகத்தான் பிழைத்திருக்கின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து அவற்றைக் காக்க உழைத்தது. ஒரு ரகத்தின் கடைசி விதையை எலி தின்றுவிட்டால் கடையில் போய் வாங்க முடியாது.

5. கோழித் தீவனத்தையும் நாய் சாப்பிட்ட மிச்சத்தையும் இரவில் எடுத்துவிட வேண்டும். பலாப்பழ மட்டை, கிழங்குத் தோல் எல்லாம் எருக்குழிக்குப் போகட்டும். குழி வண்டியிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

6. வண்டியையும் பெருக்க வேண்டும். புண்ணாக்கு, மக்காச்சோளம், கிழங்கு ஏற்றிய தொட்டியில் சிந்தியதைக் கூட்டிவிடாவிட்டால் அதுவே அழைப்பு. இருக்கைக்கு அடியில் கிடக்கும் முறுக்கு, கடலைப் பொட்டலமும் அப்படியே.

பொறி வைக்கும் முறை

வீட்டையும் வண்டியையும் பொறுத்தவரை பொறியே முதல் ஆயுதம். எலி சந்தேகப் பிராணி. புதிதாக எதைப் பார்த்தாலும் சில நாள் ஒதுங்கிப் போகும். அதனால் முதல் மூன்று இரவுகள் பொறியை ஏற்றாமல், தீனியை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். நான்காம் நாள் ஏற்றினால் ஒரே இரவில் பல விழும். ஒரு பொறி போதாது. ஒரு கொட்டகைக்கு நான்கைந்தாவது வேண்டும்.

எலி சுவரை ஒட்டியே ஓடும். பொறியை நடுமுற்றத்தில் வைக்காமல் சுவரோரமாக, தீனி இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். வண்டியில் என்றால் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் வைக்கலாம். எஞ்சினுக்குள் வைத்தால் மறந்து ஸ்டார்ட் செய்துவிட வாய்ப்புண்டு. சுட்ட தேங்காய், கருவாடு, மசால் வடை, நிலக்கடலை எல்லாம் நல்ல தீனி. எந்தத் தீனி வீட்டில் தாராளமாகக் கிடக்கிறதோ அதற்கு எலி விழாது. வேறு ஒன்றை வைக்க வேண்டும். விழுந்த எலியைக் கையால் தொடாமல் ஆழக் குழியில் புதைக்க வேண்டும்.

வயலில் தஞ்சாவூர் கிட்டி இன்றும் சிறந்தது. மூங்கிலும் கயிறும்தான் செலவு. மூங்கில் மலையிலேயே இருக்கிறது. வரப்பைக் குறுக்கி, புல் மண்டாமல் வைத்தாலே பாதி வளை குறையும். ஆந்தை வந்து உட்கார 'டி' வடிவக் கம்பு நட்டால் இரவுக் காவலுக்கு ஆள் வைத்தது போல. சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம். அது எலியைத் தேடி வந்த விருந்தாளி.

விஷம்: எங்கே கூடாது?

எஞ்சின் மேல் எலி மருந்து வைக்கவே கூடாது. தின்ற எலி உடனே சாவதில்லை. புரோமடையலோன் போன்ற மருந்துகளில் சில நாள் கழித்து, வண்டியின் காற்றுக் குழாய்க்குள்ளோ கூரைச் சந்திலோ போய்ச் சாகும். நாற்றம் ஒருபுறம். குலுக்கலில் மருந்துக் கட்டி கீழே விழுந்து கோழியும் நாயும் தின்னும் ஆபத்து மறுபுறம். அரைமயக்கத்தில் திரியும் எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகும். நம் பக்கம் நிற்பவற்றை நாமே கொன்றால் அடுத்த பருவத்தில் எலி இன்னும் பெருகும்.

வீட்டுக்குள் வைப்பதன் விபரீதத்தைத் தமிழகம் பார்த்துவிட்டது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நச்சுக்காற்றைச் சுவாசித்து ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். தானிய மூட்டைக்கு நடுவே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் வெளியிடுவது பாஸ்பின் என்ற கொடிய வாயு. அதைப் பயிற்சி பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது. குடும்பம் படுக்கும் அறையிலோ, அதை ஒட்டிய அறையிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. மூடிய வண்டி கேபினும் ஒரு சிறு அறைதான் என்பதை மறக்க வேண்டாம்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இன்னும் மோசம். குழந்தைகள் பற்பசை என்று வாயில் வைத்துவிடுவதுண்டு. தின்றவர் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று காத்திருக்காமல், மருந்துப் பொட்டலத்தோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவோ, உப்புக் கரைசல், எண்ணெய் கொடுக்கவோ கூடாது.

வயலில் எலி மிகுந்து, பொறியால் சமாளிக்க முடியாதபோது மட்டும், வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் மருந்தை, அவர்கள் சொல்லும் அளவில், வளைக்குள் வைக்கலாம். அதையும் ஊர் சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டு எலி காலி வளைக்குக் குடிவரும்.

வண்டியில் செய்யும் தடுப்பு

முற்றம் சுத்தமான பிறகு செய்யும் தடுப்புகளுக்குப் பலன் அதிகம். ஒயர்க் கட்டுக்குத் தடித்த சுருள் குழாய் அல்லது உலோகப் பின்னல் உறை போடலாம். காற்று உள்ளிழுக்கும் வாய்க்கும் அடிப்பக்க இடைவெளிகளுக்கும் 6 மில்லிமீட்டர் கண்ணுக்கு மேற்படாத துருப்பிடிக்காத வலை அடிக்கலாம். ரேடியேட்டர் காற்றையோ, புகைபோக்கிக் குழாயையோ, சுழலும் பாகத்தையோ வலை தொடக் கூடாது. மெக்கானிக் கையால் செய்வது நல்லது. மிளகாயின் காரச்சத்து கலந்த டேப்பை ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்று எலிக்காகவே விற்கிறது. கிடைத்தால் கடிபட்ட இடத்தில் சுற்றலாம். திருட்டுப் பயமில்லாத இடத்தில், இரவில் பானெட்டைத் திறந்துவைப்பதும் உதவும். சூடு ஆறிவிடும், மறைவும் போய்விடும். மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியை வாரம் ஒருமுறையாவது கிளப்பி நகர்த்த வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டியில்தான் கூடு சேர்கிறது.

வாசகர் கேள்விகள்

எஞ்சினில் புகையிலை கட்டித் தொங்கவிட்டால் எலி வராதா?

வாடை இருக்கும் சில நாள் வராமல் இருக்கலாம். எஞ்சின் சூட்டில் வாடை சீக்கிரம் போய்விடும். காய்ந்த இலை புகைபோக்கிக் குழாயில் பட்டால் தீ பிடிக்கும். கட்டினால் சூடான பாகத்துக்குத் தொலைவில், துணிப் பையில் கட்டி, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். டீசல், பெட்ரோல் தெளிப்பது கூடவே கூடாது.

அந்துருண்டை போடலாமா?

வேண்டாம். அதன் ஆவி கேபினுக்குள் வரும். நாள்பட்டால் குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கக் கூடியது. எலியும் சில நாளில் பழகிவிடும்.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி வாங்கலாமா?

பணத்தைப் பொறியில் போடுங்கள். அந்த ஒலி ஒரு மூட்டைக்கு அப்பால் போகாது, எலியும் பழகிவிடும். இத்தகைய கருவிகளை விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

பூனை வளர்த்தால் போதுமா?

பூனையின் நடமாட்டமும் வாடையும் எலியை விரட்டும். சுண்டெலியையும் குட்டியையும் பிடிக்கும். ஆனால் எஞ்சின் இடுக்குக்குள் அதனால் போக முடியாது. குளிரில் பூனையே சக்கரத்துக்கு மேலே ஏறிப் படுத்திருக்கும் என்பதால், கிளப்பும் முன் பானெட்டைத் தட்டுவது பூனைக்கும் நல்லது.

எல்லாம் செய்தும் எலி வருகிறது. வேறு என்ன பார்ப்பது?

இரவு ஏழரை மணிக்கு மேல் டார்ச்சோடு முற்றத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எலி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். வழித்தடத்தில் கோலமாவோ சாம்பலோ தூவினால் காலையில் கால்தடமும் வால்கோடும் தெரியும். அந்தத் தடம் தொடங்கும் இடத்தில்தான் வளையோ, மூடாத தானியமோ இருக்கும். பொறியை அந்த வழியில் வையுங்கள். அந்த இடத்தை மூடுங்கள். பக்கத்து வீட்டில் தொடங்கினால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிக்கு வேலி தெரியாது.